விஞ்ஞானிங்களுக்கு போடியில இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள்லயும் அறிவியல் நிறுவனங்கள்லயும் வேலை பாக்குற சார்களுக்கும் மேடங்களுக்கும், உங்ககிட்ட பிஎச்டி பண்ற தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

சுத்தி வளைக்காம கேட்டுர்றேன். எங்ககிட்ட தமிழ்ல பேசறத எப்ப மறுபடி ஆரம்பிக்கப் போறீங்க? பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம்னு கேட்டைத் திறந்துவிட்டு, பஸ்ஸுல வந்து எறங்குற ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பிஸ்கட்டும் நோட்டீசும் குடுத்து அனுப்புறீங்களே, அத சொல்லல. சும்மா ஒரு செவ்வாக்கெழமை, எந்த விசேஷமும் இல்லாதப்ப, நீங்க என்ன வேலை பாக்குறீங்க, அதுல எது புரிஞ்சுச்சு, எது இன்னும் பிடிபடலன்னு எங்க பேச்சுல சொல்றது இருக்கே, அத கேக்குறேன். ஒரு காலத்துல நீங்க அப்படி பேசினவங்கதான், அதுக்கு கல்லுலயே அத்தாட்சி இருக்கு, பின்னாடி வர்றேன் அதுக்கு.

நான் விஞ்ஞானி கிடையாது. பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு போடியில ஒரு ஏலக்காய் கடையில கணக்கு எழுதுறவன். ஆனா பிசிக்ஸ் படிச்சவன்ங்கற ஒரே பாவத்துக்கு எங்க மலைக்குள்ள நியூட்ரினோங்கற கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு ஆய்வகம் வைக்கிற பிரச்சினை ஓடுன வருசம் பூரா ஊர்ல பாதிப்பேர் என்னையத்தான் பிடிச்சுக் கேட்டாங்க. உங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் என்கிட்ட வந்துச்சு. அந்தப் பாக்கியைத்தான் இப்ப உங்க மேசைக்கு அனுப்புறேன்.

2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஓகே சொல்லிட்டாங்கன்னு நியூஸ் வந்தப்பதான், தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்துல அம்பரப்பர் மலைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு சுரங்கம் போடப் போறாங்கங்கறது எங்க கடைத்தெருவுக்கு உறைச்சுச்சு. அதுக்கு முன்னாடியே நீலகிரியில சிங்காராவுல வைக்கலாம்னு பாத்து, புலிகள் காப்பகம் பக்கத்துல இருக்குன்னு 2009-ல அனுமதி கிடைக்காம, அப்புறம்தான் எங்க மலைக்கு வந்திருக்கீங்க. ஊருக்குள்ள நியூஸ் வந்ததும் என்னென்ன பேசுனாங்க தெரியுமா? கதிர்வீச்சு வரும், அணுக்கழிவ கொண்டாந்து மலைக்குள்ள கொட்டப் போறாய்ங்க, மலை வெடிச்சு முல்லைப் பெரியாறு உடையும், கெணறு பூரா வத்திரும், மேய்ச்சலுக்கு ஆடு போக முடியாது. இதுல சிலது கட்டுக்கதை, சிலது நூத்துக்கு நூறு நியாயமான கேள்வி, ஆனா எது எதுன்னு பிரிச்சு சொல்ல ஊருக்குள்ள ஆள் இல்ல.

நீங்க பேசவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். காலேஜ் காலேஜா போய் ஸ்லைடு போட்டீங்க, கூட்டம் வச்சீங்க, கேள்வி வந்தப்ப பதில் சொன்னீங்க. பிரச்சினை என்னன்னா ஊர் உங்கள மொதமொதல்ல பாத்ததே ஒரு திட்டத்தோட வந்த ஆளாத்தான். நெலம் வேணும்னு வர்றவன் என்ன சொன்னாலும் அது விளம்பரம் மாதிரிதான் காதுல விழும், அது யாரா இருந்தாலும் சரி. அதுக்கு முன்னாடி ஒரு பத்து வருசம், எதுவும் கேக்காம, எதுவும் எடுக்காம, சும்மா வந்து பேசிட்டுப் போயிருந்தீங்கன்னா கதை வேற.

கடையில நடந்தது ஒண்ணு சொல்றேன். காய் தரம் பிரிக்கிற ஒரு அக்கா, 8 எம்எம் காயத் தனியா சலிச்சு எடுத்துக்கிட்டே கேட்டுச்சு, "ஏந்தம்பி, அந்த மலைக்குள்ள என்னமோ வைக்கப் போறாய்ங்களாமே, அது காத்துல பரவி காய்ல ஏறிருமா?" சாதாரணக் கேள்வி இல்ல சார் இது. மருந்து மிச்சம் கூட இருக்குன்னு வெளிநாட்டுக்காரன் காய வேணாம்னா இங்க எத்தன பேர் பொழப்பு ஆட்டம் காணும்னு தெரிஞ்ச ஆளு கேக்குற கேள்வி. நான் சொன்னேன், "அக்கா, அது காய்க்குள்ள இப்பவும் போயிக்கிட்டுத்தான் இருக்கு. சூரியன்ல இருந்து வர்றது மட்டுமே ஒரு நகம் அளவு எடத்துல செகண்டுக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல நுழைஞ்சு போகுது, உன் கையில, என் தலையில, இந்த மூட்டையில, எதுலயும் நிக்காம எதையும் தொடாம அந்தப் பக்கம் போயிருது. ராத்திரி சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்குறப்பவும் பூமியவே துளைச்சுக்கிட்டு கீழ இருந்து மேல வருது. நிக்காததுனாலதான் அதப் பிடிக்க 50,000 டன் இரும்ப அடுக்கி வச்சுக் காத்துக்கிட்டு கெடக்கணும்ங்கறாங்க. அங்க யாரும் அத உண்டாக்கப் போறதில்ல, வர்றத எண்ணத்தான் போறாங்க."

அக்கா கை நிக்கல, ஆனா காது இங்கதான் இருந்துச்சு. "அப்ப மலை எதுக்கு?" "வானத்துல இருந்து வேற துகளுங்களும் மழை மாதிரி விழுந்துக்கிட்டே இருக்குக்கா, அதுங்க கருவியில பட்டா ஒரே இரைச்சல், எது எதுன்னு தெரியாது. தலைக்கு மேல ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தா அதுங்கள்ல பெரும்பாலானது அங்கயே நின்னுரும், நியூட்ரினோ மட்டும் உள்ள வரும், உன் கையில இருக்குற சல்லடை பண்ற வேலைதான்." "பிடிச்சு?" "மூணு வகை இருக்காம், அதுல எது கனம் கூட, எது கனம் குறைச்சல்னு வரிசை தெரியணுமாம்." "இம்புட்டுத்தானா? இதச் சொல்றதுக்கு அவய்ங்களுக்கு என்ன கஷ்டம்?"

அப்படியே விட்டிருந்தா நான் பெரிய ஆளு. ஆனா அக்கா அடுத்தது கேட்டுச்சு பாருங்க: "சரி, அது ஒண்ணும் பண்ணாதுன்னே வச்சுக்குவோம், சுரங்கம் போட வெடி வைப்பாய்ங்கள்ல, அப்ப பொட்டிப்புரத்துல என் அண்ணன் போர்வெல் என்னாகும்? எடுக்குற கல்ல எங்க கொட்டுவாய்ங்க? அத்தன லாரி எந்த ரோட்டுல போகும்?" இதுக்கு பிஎஸ்சி பிசிக்ஸ்ல பதில் இல்ல. இதுக்கு நீங்க வந்திருக்கணும். நீங்க மட்டும் இல்ல, உங்க சிவில் இன்ஜினியர், நிலத்தடி நீர் தெரிஞ்சவர், ஒரு காட்டுயிர் ஆய்வாளர் எல்லாரும் சேர்ந்து வந்து, கடைத்தெருவுல பெஞ்சு போட்டு உக்காந்து, தெரிஞ்சத தெரியும்னும் தெரியாதத தெரியாதுன்னும் சொல்லிருக்கணும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2015 மார்ச்சுல ஐகோர்ட் மதுரை கிளை போட்ட தடை, 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதிய நிறுத்தி வச்சது, 2018-ல மறுபடி அனுமதி, அதே வருசம் கடைசியில தேசிய வனவிலங்கு வாரியத்துக்கிட்டயும் போகணும்னு தீர்ப்பாயம் சொன்னது, 2021-ல வேணாம்னு முதல்வர் பிரதமர்கிட்ட குடுத்த மனு, 2022-ல சுப்ரீம் கோர்ட்டுல தமிழ்நாடு அரசு போட்ட பிரமாணப் பத்திரம். எது கனம் கூட, எது குறைச்சல்ங்கற இதே கேள்விக்கு வேற வழியில பதில் தேடி சீனாக்காரன் கட்டுன ஜூனோங்கற நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்ட்டுல வேலையவே ஆரம்பிச்சிருச்சு.

திட்டம் வரணுமா வேணாமாங்கறதுக்கு இந்த மடல் எழுதல. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அஞ்சு கிலோமீட்டர்கூட தள்ளி இல்ல, மேற்குத்தொடர்ச்சி மலையில கை வைக்காதன்னு சொல்றவங்களுக்கு நல்ல காரணமே இருக்கு, அத யாராவது அறியாமைன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். எனக்கு ஆத்திரம் என்னன்னா, போர்வெல்லப் பத்தியும் யானை வழியப் பத்தியும் நடக்க வேண்டிய சண்டை, இல்லாத கதிர்வீச்சப் பத்தி நடந்துச்சு. ரெண்டு பக்கமும் உருப்படியா பேசாமலே பத்து வருசம் ஓடிப் போச்சு. உண்மையான கேள்விக்கு பதில் கிடைக்கணும்னா பொய்க் கேள்வி மொதல்ல வழிய விடணும், அத விலக்குற வேலை உங்களோடது.

"இதெல்லாம் சாதாரண மக்களுக்குப் புரியாது சார்"னு உங்கள்ல சில பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அப்படி சொல்றவங்கள ஒரே ஒருநாள் கம்பம் பள்ளத்தாக்குக்கு கூட்டிட்டு வரணும். எந்த டீக்கடையில வேணா உக்காந்து முல்லைப் பெரியாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. 1895-ல பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டு எப்படிக் கட்டுனாருன்னு ஆரம்பிச்சு, 152 அடி எதுக்கு 136 ஆச்சு, 2014-ல சுப்ரீம் கோர்ட் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது எந்த பலத்துல, பேபி டேம்னா எது, கேபிள் ஆங்கரிங்னா அணை மேல இருந்து அடிப்பாறை வரைக்கும் ஓட்ட போட்டு எஃகுக் கம்பிய எறக்கி இழுத்துக் கட்டுறது, பின்னாடி கான்கிரீட் முட்டுக் குடுத்தது எந்தப் பக்கம், இதெல்லாம் பரோட்டா மாவு பெசஞ்சுக்கிட்டே மாஸ்டர் சொல்லுவாரு. நீர்மட்டம் இன்னைக்கு எத்தன அடின்னு காலையில பேப்பர் பாக்காமலே சொல்ற ஆளுங்க இருக்காங்க. இவங்க எந்தக் காலேஜ்ல கட்டடப் பொறியியல் படிச்சாங்க? ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியருங்க சேர்ந்து தமிழ்ல படம் எடுத்து, அணை எப்படி நிக்குதுன்னு வரைஞ்சே காட்டுனாங்க, அது செல்போன் செல்போனா சுத்துச்சு. தன் வயலுக்கு வர்ற தண்ணியப் பத்தின விஷயம்னா எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் ஆளுங்க கத்துக்குறாங்க. ஆக எங்களுக்குப் புரியற சக்தி இல்லைங்கறது பச்சப் பொய்.

நியூட்ரினோவுக்கு அதே மாதிரி சொல்ல நம்மகிட்ட கதை இல்லையா? கோலார் தங்கவயல் ஒண்ணு போதுமே. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல, டாடா ஆய்வு நிறுவனத்துக்காரங்க ஜப்பான், இங்கிலாந்து ஆளுங்களோட சேர்ந்து கருவி வச்சு, காத்துமண்டலத்துல உண்டாகிற நியூட்ரினோவோட தடயத்த 1965-லயே பிடிச்சாங்க, உலகத்துலயே மொத தடவையா பிடிச்ச ரெண்டு குழுவுல அது ஒண்ணு. அந்தச் சுரங்கத்துல தலையில விளக்கக் கட்டிக்கிட்டு எறங்குனவங்கள்ல பெரும்பகுதி யாரு? வடஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து பஞ்சம் பொழைக்கப் போன நம்ம தமிழ் ஆளுங்க. அந்த எடத்துல வருசக்கணக்கா ஆராய்ச்சி ஓடுச்சு. சிலிக்கா தூசி நெஞ்ச அடைச்சு செத்தவங்க உண்டு, பாறை வெடிச்சு செத்தவங்க உண்டு, நியூட்ரினோவால ஒருத்தருக்கு தும்மல்கூட வரல. இந்தக் கதைய அந்தச் சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தாவ கூட்டிட்டு வந்து எங்க பஸ் ஸ்டாண்ட்ல சொல்ல வச்சிருந்தா, நூறு ஸ்லைடு பண்ணாதத அது பண்ணிருக்கும்.

நீங்க பேசாம விட்ட எடம் காலியாவா இருக்கு? இல்ல சார், அங்க வாட்ஸ்அப் வந்து பாய விரிச்சு படுத்திருச்சு. திருநள்ளாறு கோயிலுக்கு மேல வர்றப்ப சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்ட் நின்னு போகுதாம், நாசாவே பாத்து அதிர்ந்து போச்சாம், எத்தன வருசமா சுத்துது இது! எங்க சித்தப்பா எனக்கே மூணு குரூப்புல அனுப்பிட்டாரு. இதுக்கு பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பூமிக்குப் பக்கத்துல சுத்துற சாட்டிலைட் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல ஓடுது, திருநள்ளாறுல இருந்து காரைக்கால் போற தூரம் அதுக்கு ஒரு செகண்ட்கூட இல்ல. அது மேலயே இருக்குறதுக்கு காரணமே அந்த ஓட்டந்தான், ஓடிக்கிட்டே கீழ விழுது, விழுந்துக்கிட்டே பூமியோட வளைவத் தாண்டிப் போயிருது. நின்னுச்சுன்னா நேரா கீழதான், மூணு செகண்ட் நின்னுட்டு மறுபடி கெளம்ப அதென்ன டவுன் பஸ்ஸா? அசையாம ஒரே எடத்துல நிக்கிற மாதிரி தெரியிற சாட்டிலைட்டும் உண்டுதான், ஆனா அது 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேல மட்டுந்தான் முடியும், திருநள்ளாறு அதுக்கு ரொம்ப வடக்க. முடிஞ்சு போச்சு. இதுல சாமியத் திட்ட வேண்டியதே இல்ல, சனீஸ்வரனக் கும்பிடுறவங்க கும்பிட்டுக்கலாம். ஆனா இதப் பொறுமையா, நக்கல் அடிக்காம, சாட்டிலைட்டோடவே வேலை பாக்குற ஒரு ஆளு தமிழ்ல சொன்னா எங்க சித்தப்பா நம்புவாரு. நான் சொன்னா "நீ ரெண்டு எழுத்து படிச்சிட்டு பேசாத"ங்குறாரு.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் வந்தப்பவும் இதே கூத்து. பக்கத்துல திண்டுக்கல்ல மோதிரம் மாதிரி தெரிஞ்சுச்சு, எங்க ஊர்ல கொஞ்சம் ஓரமா. தெருவுல பாதி வீடு கதவச் சாத்திருச்சு, மீதிப் பாதி வீட்டுல தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, கிரகணம்ங்கறதால தானா நிக்குதாம். அடிப்பக்கம் தட்டையா இருக்குற உலக்கைய பொறுமையா நிறுத்துனா அமாவாசை, கார்த்திகை, தேர்தல் நாள் எல்லாத்துலயும் நிக்கும். அத சொல்றதுக்கு அன்னைக்கு தெருவுல இருந்தது யாரு? தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க, கைக்காசு போட்டு கண்ணாடி வாங்கிட்டு வந்த வாத்தியாருங்க. 1980-கள்ல இருந்து அவங்கதான் இந்தப் பாரத்த தூக்கிக்கிட்டு இருக்காங்க, 1987-ல இருந்து துளிர்னு சிறுவர் மாச இதழும் நடத்துறாங்க, எனக்கு பிசிக்ஸ் பக்கம் ஆசை வந்ததே லைப்ரரியில கிழிஞ்சு கெடந்த பழைய துளிர்ல இருந்துதான். சம்பளம் வாங்காத வாத்தியாருங்க செய்யிறாங்க, அந்த வேலையே தொழிலா இருக்குற நீங்க ஏன் செய்யக் கூடாது?

இப்ப அந்தக் கல்லுக்கு வர்றேன். சென்னை நுங்கம்பாக்கத்துல வானிலை மையம் இருக்குல்ல, அந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு பெரிய கருங்கல் தூண் நிக்குது. 1792-ல அங்க கட்டுன மெட்ராஸ் வான் ஆய்வகத்துல டெலஸ்கோப்பத் தாங்குன தூண். கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் நமக்கு நல்லது செய்ய வந்தவன் இல்ல, ஆனா ஆயிரம் வருசம் கழிச்சு வர்றவங்களும் படிக்கட்டும்னு அவன்கூட அந்தத் தூண்ல தமிழ்லயும் தெலுங்குலயும் சேர்த்துப் பொறிச்சு வச்சான். அதே ஆய்வகத்துல வேலை பாத்தவருதான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல ஒளி கூடிக் கூடிக் குறையிற ஒரு நட்சத்திரத்தக் கண்டுபிடிச்சவரு. 1874 டிசம்பர்ல வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்க போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் அவரு என்ன பண்ணாரு? வெள்ளைக்காரனுக்கு ரிப்போர்ட் எழுதுறதோட நிறுத்தாம, நம்ம ஜனங்களுக்குப் புரியட்டும்னு நம்ம நாட்டு மொழிகள்லயே சின்னப் புத்தகமா, உரையாடல் வடிவத்துல போட்டாரு. அன்னைக்கு எத்தன பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சிருக்கும்? இருந்தும் எழுதுனாரு, எழுதுனா ஒருத்தன் படிச்சு பத்துப் பேருக்கு சொல்லுவான்னு தெரிஞ்சிருக்கு.

அதே காம்பவுண்டுல இருந்துதான் எஸ்.ஆர். ரமணன் சார் 2016-ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் வருசா வருசம் ஐப்பசி கார்த்திகையில டிவி மைக்குங்களுக்கு முன்னாடி நின்னு "தென்கிழக்கு வங்கக்கடலில் உருவான குறைந்த காற்றழுத்த தாழ்வு பகுதி"ன்னு ஆரம்பிப்பாரு. மொதல்ல எவனுக்கும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஸ்கூல் லீவு விடுவாங்களான்னு பாத்த பசங்கதான் அத மனப்பாடம் பண்ணாங்க. ஆனா அஞ்சாறு மழைக்காலம் போனதும் தாழ்வு பகுதி வேற, தாழ்வு மண்டலம் வேற, அதுக்கு மேலதான் புயல்ங்கறது கீரை விக்கிற அம்மாவுக்கும் தெரிஞ்சு போச்சு. அவரு எளிமையான வார்த்தை தேடி அலையவும் இல்ல, ஜோக் அடிக்கவும் இல்ல. திரும்பத் திரும்ப வந்தாரு, அதே மொகம், அதே பொறுமை, சொன்னது தப்பிப் போய் மீம்ஸ் போட்டு ஓட்டுனப்பவும் மறுநாள் வந்து நின்னாரு. உங்ககிட்ட நான் கேக்குறது அவ்வளவுதான், திரும்பத் திரும்ப வாங்க.

சொல்ல விஷயமா இல்ல உங்ககிட்ட? எங்க போடியில இருந்து நிமிர்ந்து பாத்தா தெரியிற மலைத்தொடர்லதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கு. 1899-ல ஆரம்பிச்சது, நூறு வருசத்துக்கு மேல சூரியனப் படம் பிடிச்சு சேத்து வச்சிருக்காங்க, அந்த மாதிரி ஒரே கையில இருக்குற தொடர்ச்சியான பதிவு உலகத்துல ரொம்பக் கொஞ்சம். சூரியப் புள்ளியில வாயு நடுவுல இருந்து வெளிய பாயுதுன்னு 1909-ல எவர்ஷெட் கண்டுபிடிச்சது அங்கதான், இன்னைக்கும் அது அவரு பேருலதான் உலகம் பூரா வழங்குது. கொடைக்கானல் போறவன் எல்லாம் படகு ஓட்டிட்டு ஹோம்மேட் சாக்லேட் வாங்கிட்டு எறங்கி வர்றான். ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு, 1977 மார்ச்சுல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி வர்றப்ப அதோட வெளிச்சம் கொஞ்சம் முன்னாடியே மங்குனத அங்கயும் பதிவு பண்ணாங்க, யுரேனஸுக்கு வளையம் இருக்குங்கறது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுச்சு. 1988-ல அங்க கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன் பேர் வச்சிருக்காங்க. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறை நிலாவோட மேட்டு நிலப் பாறைய ஒத்து இருக்குன்னு அங்க இருந்து எடுத்துட்டுப் போய் பொடியாக்கி, அது மேலதான் நிலாவுல எறங்குற வண்டியப் பரிசோதிச்சாங்க. நாமக்கல்காரன் முட்டை விலை சொல்லுவான், லாரி வாடகை சொல்லுவான், இத எத்தன பேரு சொல்லுவான்? அவன் சொல்ல மாட்டேன்னு இல்ல, அவன்கிட்ட யாரும் சொல்லல. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவுல எறங்குனப்ப திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர்னு ஊரே ஸ்டேட்டஸ் வச்சுச்சு, பெருமை பொங்கி வழிஞ்சுச்சு, ஆனா அந்த வண்டி காத்தே இல்லாத எடத்துல பாராசூட் இல்லாம எப்படி வேகத்தக் குறைச்சுச்சுன்னு தமிழ்ல கேட்டவனுக்கு கிடைச்சது பின்னணி மியூசிக் போட்ட வீடியோதான்.

நீங்க என்ன சாக்கு சொல்லுவீங்கன்னும் தெரியும். தமிழ்ல கலைச்சொல் இல்லம்பீங்க. பெரியசாமி தூரன் ஆசிரியரா இருந்து பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் 1954-ல இருந்து 1968-க்குள்ள வந்தே முடிஞ்சு போச்சு, யாழ்ப்பாணம் மானிப்பாய்ல கிரீன் டாக்டர் அதுக்கு நூறு வருசம் முன்னாடியே தமிழ்ல மருத்துவப் பாடம் நடத்தி டாக்டருங்கள உருவாக்கி விட்டாரு. அதுவும் வேணாம், நியூட்ரினோவ நியூட்ரினோன்னே சொல்லுங்க, எங்களுக்குப் பிரச்சினை இல்ல. கேபிள் ஆங்கரிங்க நாங்க எந்த அகராதியில பாத்தோம்? அடுத்தது, நேரம் இல்ல, பேப்பர் போட்டாத்தான் பதவி உயர்வு, ஊருக்குள்ள பேசுனா எவனும் மார்க்கு போட மாட்டான். இது நெசமான கஷ்டம், ஒத்துக்குறேன். ஆனா இத மாத்த வேண்டியது எங்க ஏலக்காய் கடை இல்ல, உங்க இயக்குநருங்களும் உங்களுக்குப் பணம் குடுக்குற துறைகளுந்தான். நிதி கேட்டு எழுதுற விண்ணப்பத்துல தமிழ்ல ஒரு பக்கம் கட்டாயம்னு வச்சா என்ன குறைஞ்சு போகும்? பிஎச்டி முடிக்கிற பிள்ளை தன் சொந்த ஊர் ஸ்கூல்ல ஒருநாள் தன் ஆராய்ச்சியப் பத்தி பேசிட்டு வந்தாத்தான் வைவான்னா என்ன? அந்தப் பிள்ளைக்கும் அது நல்லதுதான், ஏழாங்கிளாஸ் பசங்க கேக்குற கேள்விக்கு பதில் சொல்லிட்டா அப்புறம் எந்த வைவா கமிட்டியும் பயமில்ல.

மூணாவது சாக்கு ஒண்ணு இருக்கு, அத யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. பேசுனா அரசியல் ஆயிரும்ங்கற பயம். கிரகணத்தப் பத்திப் பேசுனா ஒருத்தருக்கு கோவம், அணு உலையப் பத்திப் பேசுனா இன்னொருத்தருக்கு கோவம். சரிதான். ஆனா பேசாம இருந்தும் பொட்டிப்புரத்துல அரசியல் ஆகாமலா போச்சு?

உடனே நீங்க யூடியூப் ஸ்டார் ஆகணும்னு கேக்கல. லைட்டிங் வேணாம், தம்ப்நெயில்ல வாயப் பொளக்க வேணாம். மாசத்துக்கு ஒரு சாயங்காலம், நீங்க இருக்குற ஊர்ல, ஒரு மணி நேரம், தமிழ்ல. சத்துணவு சமைக்கிற அக்காவும் வரலாம், பிளஸ் டூ பையனும் வரலாம். மொத மாசம் பத்துப் பேர் வருவாங்க, அதுல நாலு பேர் டீக்கு வந்தவங்க. கவலைப்படாதீங்க, ஆறாவது மாசம் அந்த நாலு பேர்தான் கேள்வி கேப்பாங்க. முக்கியமா உங்களுக்குத் தெரியாதத சொல்லுங்க, எங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுற ஆளக் கண்டாத்தான் சந்தேகம் வரும்.

தேதி ஒண்ணு தர்றேன், குறிச்சு வச்சுக்கங்க. 2031 மே 21, மத்தியானம், வளையச் சூரிய கிரகணம். இந்தத் தடவை ஓரமா இல்ல, கேரளாவுல நுழைஞ்சு தேனி, மதுரை வழியா வேதாரண்யம் பக்கம் கடலுக்குப் போய் யாழ்ப்பாணத்துப் பக்கம் தொடுது. அன்னைக்கு காலையில அவசரமா கண்ணாடியத் தூக்கிட்டு ஓடி வராதீங்க, அதுக்கு முன்னாடி இருக்குற வருசங்கள்ல வாங்க. இந்தக் கோடையிலயே வாங்க. காய் அறுப்பு ஆடி ஆவணியிலதான் சூடு பிடிக்கும், அதுவரைக்கும் எங்க கடை மாடி காலியாத்தான் இருக்கும், நூறு பேர் தாராளமா உக்காரலாம். முதலாளிகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. புரொஜெக்டர் இருந்தா கொண்டாங்க, இல்லாட்டி சாக்பீஸ் நான் வாங்கி வைக்கிறேன். பொட்டிப்புரத்து ஆளுங்களையும் கூப்பிடுவேன், போர்வெல் கேள்வி கண்டிப்பா வரும், அதுக்கும் பதில் தயார் பண்ணிட்டு வாங்க.